எம்.பி. ஆகாத அமைச்சர்: ஒரு மருத்துவமனை நிர்வாகி பிரிட்டிஷ் அரசியலுக்கு வந்த வழி

பிரிட்டனின் பொது மருத்துவ சேவையான என்.எச்.எஸ். பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு விஷயங்களைத் தவறாமல் யாராவது சொல்வார்கள். அங்கே டாக்டர்களைவிட மேனேஜர்கள்தான் அதிகம், பணமெல்லாம் அவர்களுக்கே போகிறது என்பது ஒன்று. மக்கள் ஓட்டே போடாத ஆட்களை லார்டு ஆக்கி அமைச்சராக உட்கார வைத்துவிடுகிறார்கள், அவர்களை யார் கேள்வி கேட்பது என்பது இன்னொன்று. இரண்டுமே அரைகுறையாகப் புரிந்துகொண்ட விஷயங்கள். முதலாவது கணக்குப்படியே தவறு: டாக்டர், செவிலியர் எண்ணிக்கைக்குப் பக்கத்தில்கூட மேலாளர் எண்ணிக்கை வராது. இரண்டாவதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் அதை வைத்து எடுக்கிற முடிவு சரியில்லை.

இரண்டையும் ஒரே மனிதரின் வாழ்க்கையை வைத்து விளக்க முடியும். அவர் பெயர் பிலிப் ஹண்ட், லேபர் கட்சிக்காரர். முழுப் பட்டம் கிங்ஸ் ஹீத் லார்டு ஹண்ட். கிங்ஸ் ஹீத் என்பது பர்மிங்காம் நகரில் ஒரு பகுதி. பட்டத்தோடு ஊர்ப் பெயரை ஒட்டிக்கொள்வது அலங்காரத்துக்கு மட்டும் அல்ல. லார்டுகள் உட்காரும் நாடாளுமன்ற மேல்சபையான பிரபுக்கள் சபையில் ஒன்றுக்கு மேற்பட்ட ஹண்ட்கள் இருந்திருக்கிறார்கள், இன்னார் என்று பிரித்துச் சொல்ல ஊர் தேவை. அப்புறம், 2012 முதல் 2018 வரை சுகாதார அமைச்சராக இருந்த ஜெரமி ஹண்ட் கன்சர்வேடிவ் கட்சிக்காரர், முற்றிலும் வேறு ஆள். இந்தக் குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிட்டு மேலே போகலாம்.

நிர்வாகி என்ன செய்கிறார்?

ஒரு கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சமையல் மாஸ்டரின் கைமணத்தை எல்லோரும் பேசுவார்கள். ஆனால் முதல் பந்திக்கு எத்தனை இலை, காஸ் தீருவதற்குள் அடுத்த சிலிண்டர் வந்துவிட்டதா, மூன்றாம் பந்திக்கு ரசம் இருக்குமா, பரிமாற எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே ஒருவர் அங்கும் இங்கும் நடந்துகொண்டிருப்பார். அவர் கரண்டியைத் தொடுவதில்லை. ஆனால் அவர் இல்லாவிட்டால் மாஸ்டர் எவ்வளவு நன்றாகச் சமைத்தாலும் அது சூடாக இலைக்கு வந்து சேராது. மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார், பெண்ணின் அப்பா. பாயசம் தீர்ந்துபோனால் சம்பந்தி வீட்டார் அவரிடம்தான் முகத்தைத் தூக்கிக்கொள்வார்கள். எத்தனை கிலோ சேமியா வாங்கினார்கள் என்பதுகூட அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனாலும் சபையில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

மருத்துவமனையில் மாஸ்டர் இடத்தில் டாக்டர், பந்தி பார்ப்பவர் இடத்தில் நிர்வாகி, பெண்ணின் அப்பா இடத்தில் அமைச்சர். வேலையை நடத்துவது வேறு, வேலைக்குப் பதில் சொல்வது வேறு. இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் ஹண்டின் வாழ்க்கையில் பாதி புரிந்துவிடும்.

என்.எச்.எஸ். 1948 ஜூலை 5-ல் தொடங்கியது. வரிப்பணத்தில் நடப்பது, சிகிச்சை பெறும் இடத்தில் நோயாளியிடம் காசு கேட்பதில்லை என்பது அதன் அடிப்படை. இலவசம் என்றால் வரிசை வரும், வரிசை வந்தால் அதை ஒழுங்குபடுத்த ஆள் வேண்டும். எந்த அறுவை அரங்கு எப்போது காலியாகிறது, எந்த வார்டில் எத்தனை கட்டில், சலவைக்குப் போன துணி எப்போது திரும்புகிறது என்பதெல்லாம் மருந்து அளவுக்கே முக்கியமானவை. துணி வராமல் அறுவை சிகிச்சை நடக்காது.

ஹண்ட் 1949-ல் பிறந்தவர். லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் அரசியல் படித்துவிட்டு, 1972-ல் ஆக்ஸ்ஃபோர்டு வட்டார மருத்துவமனை வாரியத்தில் பணி ஆய்வு அலுவலராகச் சேர்ந்தார். பணி ஆய்வு என்றால், ஒரு வேலை எப்படி நடக்கிறது, எங்கே நேரம் வீணாகிறது, அதை வேறு எப்படிச் செய்யலாம் என்று பார்த்து அளந்து எழுதுவது. நிர்வாகத்தின் அரிச்சுவடி அதுதான். பிறகு அதே ஊரில் எலும்பு மூட்டு சிகிச்சைக்குப் பெயர்போன நஃபீல்டு மருத்துவமனையில் கொஞ்ச காலம் நிர்வாகி.

நோயாளியின் பக்கம் போன நிர்வாகி

1974-ல் என்.எச்.எஸ்.-ஐத் தலைகீழாக மாற்றி அமைத்தார்கள். அதில் புதிதாக வந்த ஒன்று சமூக சுகாதாரக் கவுன்சில். ஒரு வட்டாரத்து மக்களின் சார்பாக அந்த ஊர் மருத்துவமனைகளைப் போய்ப் பார்த்து, குறைகளைக் கேட்டு, அதிகாரிகளிடம் வாதாடுகிற சிறு அமைப்பு அது. அதற்கு நிர்வாக அதிகாரம் கிடையாது. ஆனால் ஒரு மருத்துவமனையை மூட வேண்டும் என்றால் அதனிடம் கருத்துக் கேட்டாக வேண்டும், அது மறுத்தால் முடிவு மேலே அமைச்சர் வரை போய்விடும். அந்தக் காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

1975-ல் ஹண்ட் வடக்கு லண்டனின் எட்ஜ்வேர், ஹெண்டன் பகுதிக் கவுன்சிலின் செயலாளர் ஆனார். நேற்றுவரை மருத்துவமனைக்குள் இருந்து நடத்தியவர், இப்போது வெளியே இருந்து கேள்வி கேட்கிற நாற்காலியில். 1978 வரை இந்த வேலை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதே ஆண்டுகளில் இன்னொரு பக்கம் அவர் தேர்தலிலும் நின்று ஜெயித்திருக்கிறார். 1973 முதல் 1979 வரை ஆக்ஸ்ஃபோர்டு நகர கவுன்சிலர், 1980 முதல் 1982 வரை பர்மிங்காம் நகர கவுன்சிலர். ஆகவே "ஓட்டே கேட்காதவர்" என்று அவரைச் சொல்ல முடியாது. அவர் போகாத இடம் நாடாளுமன்றத்தின் காமன்ஸ் சபை மட்டும்தான்.

1983: யார் பொறுப்பு என்று தெரியாத மருத்துவமனை

1974-க்குப் பிறகு மருத்துவமனைகளை ஒரு குழு நடத்தியது. டாக்டர் பிரதிநிதி, தலைமைச் செவிலியர், நிர்வாக அலுவலர், நிதி அலுவலர் எல்லோரும் சேர்ந்து உட்காருவார்கள், எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. இதற்கு ஒருமித்த நிர்வாகம் என்று பெயர். கேட்க நன்றாக இருக்கும். நடைமுறையில் ஒருவர் "வேண்டாம்" என்றால் விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும், அப்புறம் அதற்கடுத்த கூட்டத்துக்கு.

மார்கரெட் தாட்சர் அரசு, செயின்ஸ்பரி சூப்பர்மார்க்கெட் நிறுவனத்தின் உயர் நிர்வாகியான ராய் கிரிஃபித்ஸை அழைத்து இதைப் பார்க்கச் சொன்னது. அவர் 1983-ல் கொடுத்த அறிக்கையில் ஒரு வரி இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது: ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் கையில் விளக்கோடு இன்று இந்த வராந்தாக்களில் நடந்தால், இங்கே யார் பொறுப்பு என்றுதான் தேடிக்கொண்டிருப்பார் என்று. அவர் சொன்ன தீர்வு பொது மேலாளர், அதாவது ஒவ்வொரு மட்டத்திலும் முடிவுக்குப் பொறுப்பேற்கிற ஒரே ஆள். இன்று "என்.எச்.எஸ். மேனேஜர்" என்று திட்டு வாங்குகிற பதவி பெரும்பாலும் இங்கிருந்து வளர்ந்ததுதான். டாக்டர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை, மளிகைக் கடைக்காரர் ஆஸ்பத்திரிக்கு வழி சொல்கிறாரா என்ற கோபம் இருந்தது. எனக்கு கிரிஃபித்ஸ் சொன்னது அடிப்படையில் சரியாகவே படுகிறது. பொறுப்பு எல்லோருடையது என்றால் தவறு நடக்கும்போது அது யாருடையதும் இல்லை என்று ஆகிவிடும், அதில் மாட்டிக்கொள்பவர் நோயாளி.

ஹண்ட் இந்த மாற்றத்தின் நடுவில் இருந்தார். 1978-ல் சுகாதார ஆணையங்களின் தேசியச் சங்கத்தில் சேர்ந்து, 1984-ல் அதன் இயக்குநர் ஆனார். நாடு முழுக்க மருத்துவ சேவையை நடத்துகிற அமைப்புகள் சேர்ந்து அரசிடம் ஒரே குரலில் பேசுவதற்கான சங்கம் அது. 1990-ல் வந்த சட்டம், சிகிச்சையை "வாங்குகிற" ஆணையங்கள், "விற்கிற" மருத்துவமனை டிரஸ்டுகள் என்று என்.எச்.எஸ்.-ஐ இரண்டாகப் பிரித்தபோது, சங்கத்தின் பெயரிலும் டிரஸ்டுகள் சேர்ந்தன. பிறகு டிரஸ்டுகளின் தனிக் கூட்டமைப்போடு அது இணைந்து என்.எச்.எஸ். கான்ஃபெடரேஷன் ஆனது. அதன் முதல் தலைமை நிர்வாகி ஹண்ட்தான்.

சுருக்கமாக இதுவரை: முதலில் மருத்துவமனைக்குள் வேலை, பிறகு நோயாளிகளின் சார்பாகக் கேள்வி, பிறகு நிர்வாகங்கள் எல்லாவற்றின் சார்பாக அரசிடம் பேச்சு. மூன்றுமே ஒரே சேவையை மூன்று பக்கத்திலிருந்து பார்க்கிற வேலைகள். அமைச்சராக இருப்பது மட்டும்தான் பாக்கி.

லார்டு என்றால் ராஜ பரம்பரையா?

இல்லை. இங்கேதான் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுகிறார்கள்.

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இரண்டு சபை. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது காமன்ஸ் சபை. அதில் இருப்பவர்களை மட்டும்தான் அங்கே எம்.பி. என்பார்கள். இன்னொன்று பிரபுக்கள் சபை. ஒரு காலத்தில் அது முழுக்க அப்பா விட்டுப்போன பட்டத்தால் வந்தவர்களும் ஆயர்களும் நீதிபதிகளும்தான். 1958-ல் வந்த சட்டம் ஆயுட்காலப் பிரபு என்ற வகையைத் தாராளமாக உருவாக்க வழி திறந்தது. பிரதமரின் பரிந்துரையில் அரசர் அல்லது அரசி ஒருவரை நியமிப்பார், அவர் உயிரோடு இருக்கும்வரை பட்டம் இருக்கும், பிள்ளைகளுக்குப் போகாது. டாக்டர், விஞ்ஞானி, தொழிற்சங்கத் தலைவர், நிர்வாகி என்று பலதரப்பட்டவர்கள் இந்த வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள். 1999-ல் டோனி பிளேர் அரசு பரம்பரைப் பிரபுக்களில் 92 பேரை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்களை வெளியே அனுப்பியது.

1997 மே மாதம் லேபர் கட்சி பெரிய வெற்றியோடு ஆட்சிக்கு வந்தது. பதினெட்டு ஆண்டுகள் எதிர்க்கட்சியாக இருந்த கட்சி, பிரபுக்கள் சபையிலோ அப்போது கன்சர்வேடிவ் கூட்டம்தான் நிரம்பி இருந்தது. புதிய அரசுக்கு அங்கே ஆள் பலம் தேவைப்பட்டது, அதுவும் விஷயம் தெரிந்த ஆள். அந்த ஆண்டே ஹண்ட் ஆயுட்காலப் பிரபு ஆனார்.

ஓட்டு வாங்காதவர் எதற்கு அமைச்சர்?

பிரிட்டனில் அமைச்சர்கள் இரண்டு சபைகளில் ஏதாவது ஒன்றில் உறுப்பினராக இருப்பதுதான் மரபு. சட்ட மசோதா இரண்டு சபைகளையும் கடந்தாக வேண்டும். சுகாதாரத் துறையின் மசோதா பிரபுக்கள் சபைக்கு வரும்போது, அங்கே எழுந்து நின்று அதை விளக்கி, திருத்தங்களுக்குப் பதில் சொல்ல யாராவது வேண்டும். காமன்ஸில் இருக்கிற சுகாதாரச் செயலர் இந்தச் சபைக்குள் வந்து பேச முடியாது. (செயலர் என்றதும் ஐ.ஏ.எஸ். அதிகாரி என்று நினைக்க வேண்டாம், பிரிட்டனில் துறைக்குத் தலைவரான கேபினட் அமைச்சரைத்தான் அப்படிச் சொல்வார்கள்.) ஆகவே பெரிய துறைகளுக்கெல்லாம் பிரபுக்கள் சபையிலும் ஒரு அமைச்சர் தேவைப்படுகிறார்.

1999-ல் ஹண்ட் சுகாதாரத் துறையில் இளநிலை அமைச்சர் ஆனார். இளநிலை என்றால் துறையின் படிக்கட்டில் கீழ்ப்படி. ஆனால் ஒரு விசேஷம் உண்டு. காமன்ஸில் ஒரு இளநிலை அமைச்சர் தனக்கு ஒதுக்கிய பகுதிக்கு மட்டும் பதில் சொன்னால் போதும். பிரபுக்கள் சபையில் துறைக்கு ஒரே ஆள் என்பதால், பல் மருத்துவம் முதல் புற்றுநோய் வரை, செவிலியர் சம்பளம் முதல் உணவுப் பாதுகாப்பு வரை எல்லாவற்றுக்கும் அவர்தான் எழுந்திருக்க வேண்டும். கேட்பவர்களும் சாதாரணமானவர்கள் அல்ல. எதிரே உட்கார்ந்திருப்பவர் ஓய்வுபெற்ற அறுவை மருத்துவராக இருக்கலாம், மருத்துவக் கல்லூரிப் பேராசிரியராக இருக்கலாம். மழுப்பினால் அங்கேயே பிடித்துக்கொள்வார்கள். "யார் கேள்வி கேட்பது" என்ற கேள்விக்கு ஒரு பதில் இதுதான். இது தேர்தலுக்கு ஈடாகுமா என்றால் ஆகாது. மக்கள் அவரைத் தோற்கடித்து வீட்டுக்கு அனுப்ப முடியாது என்ற குறை அப்படியேதான் இருக்கிறது, அதை மூடி மறைப்பதில் அர்த்தமில்லை.

தான் வேலை பார்த்த அமைப்பையே மூடும் மசோதா

முன்னால் சொன்ன சமூக சுகாதாரக் கவுன்சில் ஞாபகம் இருக்கிறதா? 2000-ம் ஆண்டு வெளிவந்த என்.எச்.எஸ். திட்டத்தில், இங்கிலாந்தில் இந்தக் கவுன்சில்களை எடுத்துவிட்டு நோயாளிகளின் குரலுக்கு வேறு அமைப்புகளைக் கொண்டுவரப் போவதாக அரசு சொன்னது. பலத்த எதிர்ப்பு. குறை இருக்கலாம், ஆனால் மக்களுக்குத் தெரிந்த அமைப்பு, சுதந்திரமான அமைப்பு, ஏன் மூடுகிறீர்கள் என்று கேட்டார்கள். 2001 தேர்தலுக்கு முன்னால், பிரபுக்கள் சபையின் எதிர்ப்பைத் தாண்ட நேரமில்லாமல் அரசு அந்தப் பகுதியைக் கைவிட வேண்டி வந்தது. தேர்தலில் ஜெயித்து வந்த பிறகு மறுபடி மசோதா, 2002-ல் சட்டம், 2003 இறுதியில் கவுன்சில்கள் முடிந்தன.

பிரபுக்கள் சபையில் அந்த மசோதாவை நடத்தியவர் ஹண்ட். கால் நூற்றாண்டுக்கு முன்னால் அதே மாதிரி ஒரு கவுன்சிலின் செயலாளராக இருந்தவர்.

இதை ஒரு துரோகமாகப் பார்ப்பவர்கள் இருக்கலாம், நான் அப்படிப் பார்க்கவில்லை. அமைச்சர் என்ற நாற்காலி எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. நிர்வாகியாக இருக்கும்போது மேலதிகாரியிடம் "இது சரிவராது" என்று அறிக்கை எழுதலாம், சங்கத் தலைவராக இருக்கும்போது பத்திரிகையில் பேசலாம். அமைச்சர் ஆனபின், மூடிய கதவுக்குள் என்ன வாதாடினாலும், வெளியே வந்தால் அரசின் முடிவு உங்கள் முடிவு. ஆனாலும் அந்த முடிவு நல்ல முடிவு இல்லை என்பது என் கருத்து. அதன் இடத்தில் வந்த நோயாளிகள் மன்றங்கள் சில ஆண்டுகளே நின்றன, பிறகு இன்னொரு அமைப்பு, பிறகு மற்றொன்று என்று பெயர்ப்பலகை மாறிக்கொண்டே போனது. எங்கே போய்ச் சொல்வது என்று ஜனங்களுக்குத் தெரிந்திருந்த ஓர் இடம் போனதுதான் மிச்சம்.

கூட்டுப் பொறுப்பும் 2003 மார்ச்சும்

மேலே சொன்ன விதிக்குக் கூட்டுப் பொறுப்பு என்று பெயர். அரசில் இருக்கும் அத்தனை அமைச்சர்களும், கடைசிப்படி இளநிலை அமைச்சர்வரை, அரசின் எல்லா முடிவுகளையும் வெளியில் ஆதரிக்க வேண்டும். முடியாவிட்டால் ராஜினாமா. தன் துறை சம்பந்தப்பட்டதா இல்லையா என்பது கணக்கில்லை.

ஈராக் மீது படையெடுக்கும் முடிவு வந்தபோது இந்த விதியின் கூர்மை தெரிந்தது. 2003 மார்ச் 17-ல் காமன்ஸ் சபை முன்னவர் ராபின் குக் கேபினட்டிலிருந்து விலகினார். மறுநாள் உள்துறை அமைச்சர்களில் ஒருவரான ஜான் டென்ஹாமும், சுகாதாரத் துறையின் ஹண்டும் விலகினார்கள். அன்று இரவு காமன்ஸில் போருக்கு ஆதரவாக 412, எதிராக 149 ஓட்டு. போரைத் தடுக்க வந்த திருத்தத்துக்கு ஆதரவாக லேபர் கட்சியின் எம்.பி.க்களே 139 பேர் கைதூக்கினார்கள். அமைச்சர் பதவியில் இல்லாத எம்.பி. ஒருவர் கட்சிக்கு எதிராக ஓட்டுப் போட்டுவிட்டு மறுநாள் அதே இருக்கையில் வந்து உட்காரலாம். அமைச்சருக்கு அந்த வசதி இல்லை.

சுகாதாரத் துறைக்கும் ஈராக்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஹண்ட் வாய் திறக்காமல் இருந்திருந்தால் யாரும் அவரைக் கேட்டிருக்க மாட்டார்கள். முப்பது ஆண்டு உழைப்பின் உச்சியாக அவர் வந்து சேர்ந்த பதவி அது, தான் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்த துறையிலேயே அமைச்சர். அதை விட்டுவிட்டுப் போனார். அவருடைய வாழ்க்கையில் நான் மிகவும் மதிக்கிற இடம் இது.

சுருக்கமாக: கூட்டுப் பொறுப்பு காரணமாக ஒரு மசோதாவை நடத்தினார், அதே கூட்டுப் பொறுப்பு காரணமாக இன்னொரு முடிவில் பதவியை விட்டார். லார்டு பட்டம் மட்டும் போகவில்லை, அது பதவியோடு கட்டப்பட்டது அல்ல.

பதவி இல்லாமலும் சட்டம் மாற்றலாம்

2005 தேர்தலுக்குப் பிறகு மீண்டும் அரசுக்குள் வந்தார். வேலை மற்றும் ஓய்வூதியத் துறை, 2007-ல் சில மாதம் மறுபடியும் சுகாதாரம், பிறகு நீதித்துறை, 2008-ல் புதிதாக உருவான எரிசக்தி மற்றும் பருவநிலை மாற்றத் துறை. 2010-ல் ஆட்சி போனது. 2011 முதல் 2014 வரை பர்மிங்காம் பக்கத்து மூன்று மருத்துவமனைகளை நடத்திய ஹார்ட் ஆஃப் இங்கிலாந்து டிரஸ்டின் தலைவராகவும் இருந்தார். தலைவர் வேறு, தலைமை நிர்வாகி வேறு: தலைமை நிர்வாகி தினமும் நடத்துபவர், தலைவர் அவரை மேற்பார்வை பார்க்கும் குழுவுக்குத் தலைமை தாங்குபவர். சபையில் சுகாதாரம் பற்றிப் பேச எழும்போதெல்லாம் தனக்கு இந்தப் பொறுப்பு இருக்கிறது என்று முதலில் அறிவித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும், அது சபை விதி.

எதிர்க்கட்சி வரிசையில் இருந்தபோது செய்த ஒரு காரியத்தை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காருக்குள் குழந்தை இருக்கும்போது புகை பிடிப்பதைத் தடை செய்ய வேண்டும் என்று டாக்டர்கள் பல காலமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி ஏற்றிய கார் ஒரு சின்னப் பெட்டி, பின் இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார வைத்த குழந்தை எழுந்து போகவும் முடியாது, "வேண்டாம்" என்று சொல்லவும் தெரியாது. அப்போதிருந்த கூட்டணி அரசு, பெற்றோருக்கு எடுத்துச் சொன்னால் போதும், சட்டம் வேண்டாம் என்றது. 2014 ஜனவரி 29 அன்று, குழந்தைகள் நலன் பற்றிய வேறொரு மசோதா பிரபுக்கள் சபையில் இருந்தபோது, அதில் இந்தத் தடையைக் கொண்டுவர அரசுக்கு அதிகாரம் தரும் திருத்தத்தை லேபர் சார்பில் ஹண்ட் முன்வைத்தார். 222-க்கு 197 என்று அரசு தோற்றது. அடுத்த மாதம் காமன்ஸில் அதே விஷயம் 376-க்கு 107 என்று நிறைவேறியது. 2015 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில் அது சட்டம், மீறினால் 50 பவுண்டு அபராதம்.

ஓட்டு வாங்காத சபை ஒன்று, ஓட்டு வாங்கிய சபையை "இதை இன்னொரு முறை யோசியுங்கள்" என்று கேட்டது, அவர்கள் யோசித்து ஒத்துக்கொண்டார்கள். பிரபுக்கள் சபையின் உண்மையான வேலை பெரும்பாலும் இவ்வளவுதான். கடைசி வார்த்தை காமன்ஸுடையது. 1911, 1949 சட்டங்கள் அதை உறுதி செய்துவிட்டன.

பின்னாளில் ஹண்ட் அதிகம் கவனம் செலுத்தியது உறுப்பு வணிகம். பணம் கொடுத்து வெளிநாட்டில் சிறுநீரகம் வாங்கிப் பொருத்திக்கொண்டு வருவதைத் தடுக்கத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார், மற்ற மசோதாக்களிலும் திருத்தம் கேட்டு விடாமல் வாதாடினார். 2022-ல் வந்த சுகாதாரச் சட்டம், பிரிட்டனைச் சேர்ந்தவர்கள் வெளிநாட்டில் போய் உறுப்புகளை விலைக்கு வாங்குவதையும் குற்றமாக்கியது.

2024 ஜூலையில் லேபர் மறுபடி ஆட்சிக்கு வந்தபோது ஹண்டுக்கு வயது 75. எரிசக்தித் துறையின் அமைச்சராக, 2008-ல் யாருக்குக் கீழே வேலை பார்த்தாரோ அதே எட் மிலிபாண்டின் கீழ், பிரபுக்கள் சபையில் துறைக்காகப் பதில் சொல்ல மீண்டும் எழுந்து நின்றார்.